பெரியப்பாவின் ஒன்பது டார்ச்

எங்கள் வீட்டில் மொத்தம் நான்கு பேர். டார்ச் லைட்டுகள் ஒன்பது. தலைக்கு இரண்டு என்று பங்கு போட்டாலும் ஒன்று மிஞ்சும். ஆனால் பங்கு போடும் பேச்சுக்கே இடமில்லை. ஒன்பதும் பெரியப்பாவுக்குச் சொந்தம். கரண்ட் போனால் நாங்கள் மூன்று பேரும் மெழுகுவர்த்தியைத் தேடி சுவரில் முட்டிக்கொள்வோமே தவிர, டிவிக்கு மேலே இருக்கும் பலகையில் வரிசையாக நிற்கும் டார்ச்சுகளில் ஒன்றைக்கூடத் தொட மாட்டோம்.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். இரும்புலியூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறைதான் அவருக்குப் படுக்கை, பலகை, உலகம் எல்லாம். வீடு வீடாகப் பேப்பர் போடுவதுதான் அவருக்குத் தொழில். விடிவதற்கு முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு தாம்பரம் போவார். வேனில் வந்து இறங்கும் கட்டுகளை வாங்கி, நடைபாதையில் உட்கார்ந்து பிரித்து, இணைப்புகளை உள்ளே செருகி, ஏழு மணிக்குள் எங்கள் பக்கத்துத் தெருக்களில் எல்லாம் போட்டு முடித்துவிடுவார். இப்படி ஒருவர் போடுகிற தெருக்களுக்கு அந்தத் தொழிலில் 'லைன்' என்று பெயர். இருபது வருஷமாக அவருக்கு ஒரே லைன். எந்த வீட்டுக்கு எந்தப் பேப்பர், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று எதையும் அவர் எழுதி வைத்ததில்லை. "என் லைன்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் வராது" என்று சொல்லும்போது அவருக்கு மார்பு ஒரு அங்குலம் விரியும். அந்த லைனுக்கு அவர் போட்ட மூலதனம் இரண்டு காலும் இரண்டு கண்ணும். கால்கள் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தன.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, பெரியப்பாவுக்கு டார்ச்சுகளின் மேல் கோபம் வர ஆரம்பித்தது. அதுவரை அவரிடம் ஒரே ஒரு டார்ச்தான் இருந்தது. இரண்டு கட்டை போடுகிற ஸ்டீல் டார்ச். பேட்டரி செல்லை எங்கள் பக்கம் கட்டை என்றுதான் சொல்வார்கள். அதை சைக்கிள் ஹேண்டில்பாரில் ரப்பர் வளையத்தால் கட்டி வைத்திருப்பார். திடீரென்று ஒரு நாள் அது டல்லடிக்கிறது என்றார். கட்டையை மாற்றினார். பல்பை மாற்றினார். பின்னாலிருக்கும் ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்தார். அப்படியும் டல்லடிக்கிறது என்று மூன்று கட்டை டார்ச் ஒன்று வாங்கி வந்தார். அது ஒரு மாதம் தாங்கியது. பிறகு அதுவும் டல். பிறகு மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒன்று, பச்சையில் ஒன்று, சுவரில் நேரே செருகி சார்ஜ் ஏற்றுகிற சைனாக்காரன் சரக்கு ஒன்று. புதிதாக வாங்கிய அன்று கடைக்காரரைப் புகழ்வார். பத்து நாளில் அதே கடைக்காரரின் பரம்பரையையே திட்டுவார்.

பழையதைத் தூக்கிப் போடலாமே என்றால் மனசு வராது. வாங்கிய விலை ஞாபகம் வரும். "மழைக்காலத்துல ஒதவும்" என்று பலகையில் நிறுத்திவிடுவார். இப்படியே ஒன்பது சேர்ந்தது.

எங்கள் அம்மா பெரியப்பாவோடு நேராகப் பேச மாட்டாள். சண்டை எதுவும் இல்லை. கணவனின் அண்ணன் என்றால் முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். அதற்காகப் பேசாமலும் இருக்க மாட்டாள். அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் என்னிடம் சொல்வாள். "பெரியப்பாவ சாப்பிடச் சொல்லு" என்பாள், பெரியப்பா இரண்டடி தள்ளித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். அவரும் என்னிடம்தான், "ரசம் போதும்னு சொல்லு" என்பார். நான் இரண்டு பக்கமும் தலையை மட்டும் திருப்புவேன். பல நாள் அதுகூடச் செய்ய மாட்டேன். அவர்கள் பாட்டுக்கு என் வழியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் என் பாட்டுக்கு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் அம்மா வீட்டைச் சுத்தம் செய்யக் கிளம்பினாள். போகி வருகிறது, வீட்டில் இருக்கும் பழசெல்லாம் வெளியே போயாக வேண்டும். கிழிந்த பாய், உடைந்த முறம், என்னுடைய பழைய நோட்டுகள் எல்லாம் வாசலுக்குப் போயின. கடைசியில் அம்மாவின் பார்வை டார்ச் பலகையில் வந்து நின்றது. அன்றைக்குப் பார்த்து பெரியப்பா பத்தாவது டார்ச் வாங்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரம் அவருடைய லைனில் கம்ப்ளெய்ன்ட் வந்திருந்தது. தமிழ்ப் பேப்பர் வாங்குகிற ஒரு வீட்டுக்கு இங்கிலீஷ் பேப்பர் விழுந்திருந்தது. அதுவும் ஒரே வாரத்தில் மூன்று தடவை. கேட் நம்பர் கண்ணுக்கே தெரியவில்லை, டார்ச்சில் பவர் இல்லை என்று பெரியப்பா சொன்னார்.

அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "பவர் இல்லாதது டார்ச்சுலயா, கண்ணுலயான்னு உங்க பெரியப்பாவக் கேளு" என்றாள் என்னிடம். பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பாமல் சட்டைப் பையில் எதையோ தேடினார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா சொன்னதில் கேலிதான் முக்கால் பாகம். மீதிக் கால் பாகம் என்னவென்று அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

அப்புறம் அப்பா பஞ்சாயத்துப் பண்ணி ஒரு தீர்ப்பு சொன்னார். எரிகிற டார்ச் வீட்டில் இருக்கும். எரியாத டார்ச் வெளியே போகும். போகியில் போட்டு எரிக்கலாமே என்று நான் சொன்னேன். எரியாத டார்ச்சை எப்படி எரிப்பது என்று அப்பா கேட்டார். அந்த நகைச்சுவையை அன்று முழுக்க அவரே நான்கு முறை சொல்லிச் சிரித்தார். கடைசியில் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கொடுக்க முடியாத பொருளும் இல்லை, கிடைக்காத பொருளும் இல்லை. ஒற்றைச் செருப்பு விற்பவரைக்கூட நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சந்தையின் ஒரு கோடியில் முயல் விற்பார்கள். போன தடவை போனபோதே நான் பார்த்து வைத்திருந்தேன். கம்பிக் கூண்டுக்குள் காதை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த வெள்ளை முயல்கள். அன்றிலிருந்து தினமும் முயல் கேட்டு அப்பாவை அரித்துக்கொண்டிருந்தேன். டார்ச் தீர்ப்பு சொன்ன சந்தோஷத்தில் அப்பா என் வாயையும் அடைக்கப் பார்த்தார். "எரியாத டார்ச்ச எல்லாம் வித்து, வர்ற காசுல முயல் வாங்கிக்கோ. பத்தலன்னா எங்கிட்ட கேக்கக் கூடாது" என்றார். எந்த டார்ச் எரிகிறது, எது எரியவில்லை என்று பார்த்துப் பிரிக்கும் வேலையை என்னிடமும் பெரியப்பாவிடமும் விட்டார்.

மறுநாள் மத்தியானம். பள்ளிக்கூடம் லீவு. மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் நிறுத்துகிற இடுக்கு ஒன்று உண்டு. நடுப்பகலிலும் அங்கே இருட்டாக இருக்கும். பெரியப்பா சாக்கு விரித்து உட்கார்ந்தார். ஒன்பது டார்ச்சையும் நான் தூக்கி வந்து வரிசையாக வைத்தேன். பெரியப்பா கையில் மூன்று புதுக் கட்டைகள் இருந்தன, சைனா டார்ச்சுக்கு முந்தின ராத்திரியே சார்ஜ் ஏற்றியிருந்தார். நான் ஒவ்வொரு டார்ச்சாகப் பின்மூடியைத் திருகி, கட்டையைப் போட்டு, எதிர்ச் சுவரில் அடித்துக் காட்ட வேண்டும் என்றார்.

முதலில் அந்தப் பழைய ஸ்டீல் டார்ச்சை எடுத்தேன். மூடியைத் திருகி பொத்தானைத் தள்ளியதும் சுவரில் பளீரென்று ஒரு வட்டம் விழுந்தது. சுண்ணாம்பு உரிந்த இடம், ஒட்டடை, ஒட்டடையில் மாட்டியிருந்த ஒரு செத்த ஈ எல்லாம் தெரிந்தன. நான் திரும்பி, எரிகிறது பெரியப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. எரிந்தால் இது வீட்டில் இருக்கும். வீட்டில் இருந்தால் முயல் இல்லை.

"எப்டி கீது பாப்பா?" என்று பெரியப்பா கேட்டார்.

"டல்லா இருக்கு பெரியப்பா."

பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை நான் பெரிய பொய்யாக நினைக்கவில்லை. அவரே மாசக்கணக்கில் டல், டல் என்று சொல்லிக்கொண்டிருக்கிற பொருள். அவர் சொன்னதையே நானும் சொல்கிறேன், அவ்வளவுதானே. பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

மூன்று கட்டை டார்ச்சும் பளீரென்று எரிந்தது. டல் என்றேன். மஞ்சள் டார்ச் எரிந்தது. டல் என்றேன். பச்சையும் அப்படியே. பெரியப்பா ஒவ்வொரு தடவையும் கழுத்தை முன்னால் நீட்டி, சுவரைப் பார்த்து, பிறகு சுவரை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். ஐந்தாவதோ ஆறாவதோ போனபோது டார்ச்சைத் தானே வாங்கிக்கொண்டு, சுவருக்குக் கிட்டே போய் அடித்தார்.

"நல்லா பாத்து சொல்லு. நடுவுல மட்டும் கொஞ்சம் வெளிச்சம். சுத்தி ஒண்ணுமே தெரில. உனக்கும் அப்டித்தான் தெரியுதா?"

எந்த டார்ச்சும் அப்படித்தானே அடிக்கும், நடுவில் வெளிச்சமும் சுற்றி இருட்டும். இதற்கு நான் பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆமாம் என்றேன்.

கடைசியாக ஒன்பதாவது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத டார்ச். அதை எடுக்கும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு வேளை பணம் போட்டு வாங்கியதை நினைத்துத் தயங்குகிறார் என்று எண்ணினேன். என் உள்ளங்கையை நீட்டச் சொல்லி, அதன் மேல் அடித்தார். என் கைரேகை எல்லாம் தெரிந்தது. விரலிடுக்கில் ரத்தச் சிவப்பாக வெளிச்சம் ஊடுருவியது.

"இது புச்சு. இதுல பவர் எப்டி கீது? பாப்பா, அவசரம் இல்ல. பொறுமையா பாத்து சொல்லு."

நான் பொறுமையாகப் பார்க்கிற மாதிரி நடித்தேன். கண்ணைச் சுருக்கினேன். "இதுவும் மங்கல்தான் பெரியப்பா" என்றேன்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். மூச்சு முட்டிக்கொண்டிருந்தவர் விடுகிற மாதிரி நீளமான மூச்சு. பிறகு சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. "எல்லாம் ஏமாத்துக்காரப் பசங்க. நான் வேற இன்னாவோன்னு நெனச்சி பயந்துகினு இருந்தேன்" என்று சொல்லி என் தலையைத் தடவினார். வேறு என்னவென்று நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு முயல் வந்துவிட்டது. அவருக்கும் ஏதோ நல்லது நடந்திருக்கிறது போல, ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார், நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். புதியதை மட்டும் வேறு வாங்கும்வரை இருக்கட்டும் என்று சைக்கிளில் மாட்டிக்கொண்டார். மற்ற எட்டும் பையில் போயின.

வெள்ளிக்கிழமை அப்பாவோடு பல்லாவரம் போனேன். பழைய ரேடியோ, மிக்சி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் தரையில் பரப்பி வைத்திருந்த ஒருவரிடம் பையைக் கவிழ்த்தோம். அவர் தன்னிடமிருந்த கட்டையைப் போட்டு ஸ்டீல் டார்ச்சை அடித்தார். பகல் வெயிலிலேயே அது எரிவது நன்றாகத் தெரிந்தது. அப்பாவின் புருவம் மேலே போனது. "எரியுதே" என்றார்.

கொஞ்ச நேரம் எரியும், அப்புறம் மங்கிவிடும் என்று அவசரமாகச் சொன்னேன். நல்ல வேளையாகக் கடைக்காரரும் என் கட்சிக்கு வந்தார். "இன்னா சார் எரியுது, வெளிச்சத்துல உசுரே இல்ல. உங்க பொண்ணே கரீட்டா சொல்லுது பாரு" என்றார். அவர் கவலை அவருக்கு. நன்றாக எரிகிறது என்று ஒப்புக்கொண்டால் விலை ஏறிவிடுமே. அப்பா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அண்ணனுக்குப் புதிது புதிதாக வாங்க ஆசை, அதற்கு ஒரு சாக்கு என்று அவர் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார். நல்ல வெளிச்சத்தை டல் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது, கடைக்காரருக்கு ஒரு காரணம் இருந்தது. எந்தக் காரணமும் இல்லாமல் அது டல்லாகத் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். இதை அன்றே அந்த இடத்திலேயே ஒரு பெரியவராவது யோசித்துப் பார்த்திருக்கலாம். குறைந்தபட்சம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பா யோசித்திருப்பார். அப்பா முட்டாள் இல்லை.

முயல் வந்தது. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பாதான் அதை முதலில் கையில் வாங்கினார். விற்காமல் திரும்பி வருகிற பேப்பர்களைக் கிழித்து அதற்குப் படுக்கை போட்டார். காலையில் லைன் முடித்து வரும்போது எங்கிருந்தோ முட்டைக்கோஸ் இலை கொண்டு வருவார். அவர் குரல் கேட்டாலே முயல் கூண்டுக்குள் குதிக்க ஆரம்பித்துவிடும். என்னிடம் அது அப்படிக் குதித்ததில்லை.

ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் முயலை முன்னறையில் திறந்து விட்டிருந்தேன். பெரியப்பா தண்ணீர் குடிக்க எழுந்தார். முயல் வழக்கம்போல அவர் காலுக்குப் பக்கவாட்டில் ஓடி வந்தது. வெள்ளை முயல், சிவப்பு சிமென்ட் தரை, விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதன் மேலேயே காலை வைத்தார். அது கத்திய சத்தத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. முயலுக்குக் குரல் உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் அது செத்துப்போனது.

முயல் அடிபட்ட அந்த நிமிஷம் நான் பெரியப்பாவைப் பார்த்துக் கத்தினேன். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கேட்டேன். அம்மா என்னைத் தினமும் கேட்கிற கேள்விதான் அது. பால் டம்ளரைத் தட்டிவிட்டால் கேட்பாள், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டால் கேட்பாள். அதை நான் பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டதும் அம்மா ஓடி வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். பெரியப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து முயலைக் கையில் எடுத்துக்கொண்டார். "அடிக்க வேணாம்னு சொல்லு. பாப்பா கேக்கறது கரெக்ட்தான். பக்கத்துல வந்தத நான் பாக்கலியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதை யாரிடம் சொல்லச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

அதற்கு அப்புறம் இரண்டு வருஷம் ஓடியது. அந்த இரண்டு வருஷத்தில் அவர் இன்னும் எத்தனை டார்ச் வாங்கினார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. லைனில் கம்ப்ளெய்ன்ட்டுகள் கூடின. சில வீடுகளில் பேப்பரை நிறுத்தினார்கள். தெருவிளக்கு சரியில்லை என்பார், நம்பர் போர்டில் பெயின்ட் போய்விட்டது என்பார். நாங்களும் ஆமாம் ஆமாம் என்போம். ஒரு விடியற்காலை, ஓரமாக நின்றிருந்த தண்ணீர் லாரியின் மேல் நேராகப் போய் மோதிவிட்டார். லாரி நின்றுகொண்டிருந்தது என்பதுதான் அப்பாவை உலுக்கியது. நெற்றியில் தையல் போட்ட டாக்டர், முதலில் கண்ணைக் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கண் ஆஸ்பத்திரிக்கு அப்பாவும் நானும் அழைத்துப் போனோம். அப்போது நான் ஏழாம் வகுப்பு. பெரியப்பா கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று என்னை லீவு போடச் சொல்லியிருந்தார்கள். ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவிக்குள் அவர் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும், புள்ளி தெரிகிறபோதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா ரொம்ப நேரம் எதையும் அழுத்தாமல் இருந்தார். பரீட்சையில் விடை தெரியாமல் உட்கார்ந்திருக்கிற பையன் மாதிரி பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்தபடியே காத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் அம்மா வயதுதான் இருக்கும். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற நோய் என்று விளக்கினார். வலிக்காது, சிவக்காது. ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வரும். போன பார்வையைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை, மிச்சம் இருப்பதைத்தான் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்க வேண்டும், ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார். அப்பா மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே வரிசையில் நிற்கப் போனார். பெரியப்பாவும் நானும் டாக்டரும் மட்டும் அறையில் இருந்தோம். இத்தனை நாள் உங்களுக்கு சந்தேகமே வரவில்லையா என்று டாக்டர் கேட்டார்.

"வந்துதும்மா. ரெண்டு வருசம் முன்னாடியே வந்துது. கண்ணுல கோளாறா, டார்ச்சுல கோளாறான்னு ஒரே கொழப்பம். அப்பறம் எங்க பாப்பாவ வெச்சி செக் பண்ணேன். அதுக்கு நல்ல கண்ணு. அது பாத்துட்டு, அதுக்குமே மங்கலாத்தான் தெரியுதுன்னு சொல்லிச்சி. செரி, நம்ம கண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டேன்."

அதை அவர் பெருமையாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே என் தலையைத் தடவக் கையை நீட்டினார். நான் அவருடைய இடது பக்கம் நின்றிருந்தேன், அவர் கை வலது பக்கம் இருந்த நாற்காலியைத் தடவியது.

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்படியா, உனக்கும் மங்கலாகத் தெரிந்ததா என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த நோய் குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வரலாம், இவளையும் பார்த்துவிடுவோம் என்று டாக்டர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரே எழுத்துப் பலகை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தேன். கடைசி வரியில் எறும்பு மாதிரி இருந்த எழுத்துவரை படித்தேன். மறு கண்ணாலும் படித்தேன். கண்ணில் மருந்து விட்டு, விளக்கு அடித்து, அழுத்தம் பார்த்து, அரை மணி நேரம் சோதித்தார்கள்.

"இவளுக்கு ஒண்ணுமே இல்ல. கண்ணு ரெண்டும் அவ்வளவு நல்லா இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி இவளுக்கு மங்கலா தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லையே" என்று டாக்டர் பெரியப்பாவிடம் சொன்னார்.

பெரியப்பா நான் உட்கார்ந்திருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "கொழந்தைக்கு ஒண்ணும் இல்லல்ல, அது போதும்மா" என்றார். எழுந்து கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். தாம்பரம் வரும்வரை ரயிலில் அவர் என் கையை விடவே இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடியே வந்தார். மருந்து விட்டதால் எனக்கு வெளியே எல்லாம் கூசியது. அவருக்கும் அப்படித்தான் போல, அதனால்தான் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா விஷயத்தைச் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. பெரியப்பாவுக்கு நேர் எதிரே போய் நின்றாள். "ரெண்டு வருஷமா உங்களுக்கு எதுவுமே தோணலயா மாமா? ஒரு தடவ யார்கிட்டயாவது கேட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். என் வழியாக இல்லாமல் அவள் அவரோடு பேசியது அதுதான் முதல் முறை. குரல் உடைந்து போயிருந்தது.

நான் கதவோரம் நின்றேன். பெரியப்பா சொல்லப்போகிறார், அப்பா பெல்ட்டை எடுக்கப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"தோணலம்மா" என்றார் பெரியப்பா. "எனக்கு ஒண்ணுமே தோணல. தோணி இருந்தா கேட்டிருக்க மாட்டனா? யாரையும் கேக்கவே இல்ல."

காலையில் டாக்டரிடம் அவ்வளவு விவரமாகச் சொன்ன மனிதர், சாயங்காலத்துக்குள் மாற்றிச் சொல்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவம், கண்ணோடு சேர்ந்து ஞாபகமும் போக ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். நல்ல வேளை, மறந்துவிட்டார், இனி யாருக்கும் தெரியாது என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. அன்று அம்மா போட்ட இரண்டு தோசையையும் நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.